விறைத்த இலைக்கு வெயில் ஆகாது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளில், உயர்தர உயிரியல் மாணவிகளுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் ஆற்றிய உரை)



சங்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது பேசச் சொன்னார்கள். வைத்தியர் ஒருவர் மேடையேறினால் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நாங்கள், அதாவது 1990களின் பிற்பகுதியில் இந்தக் கல்லூரியில் உயிரியல் படித்த பதினொரு பேர், தொலைபேசியில் கூடிப் பேசி வேறொன்றைத் தெரிந்தெடுத்தோம். படித்த காலத்தில் எங்களுக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வி இருந்தது. இந்த நூறாவது ஆண்டில் அதற்கு விடை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பேசும் வேலை வைத்தியரிடம் வந்து விழுந்திருக்கிறது. பேச்சு பதினொரு பேருடையதும்.

கேள்வி இதுதான். எங்களில் நான்கு பேர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மரக்கறித் தோட்டம் இருக்கும். கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி, கொஞ்சம் தக்காளி. தை, மாசி மாதங்களில் வானம் துப்புரவாக இருக்கும் இரவுகளில் துகள் உறைபனி விழும். காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்களில் ஒருத்தியின் அப்பாயி அப்போது கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தி வீட்டோடு இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் போஞ்சிக்கும் தக்காளிக்கும் மானாப்புல்லையும் பழைய படங்கையும் போட்டு மூடிவிடுவார். கோவாவையும் லீக்ஸையும் மூடமாட்டார்.

இரவில் மூடுவது எங்களுக்கு விளங்கியது. விளங்காதது காலையில் நடந்தது. சூரியன் மலைக்கு மேலே வந்து, முற்றமெல்லாம் வெயில் அடிக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டு நாங்களே வெயிலைத் தேடிப் போய் நிற்போம். செடிகளோ மூடாக்குக்குள்ளேயே இருக்கும். ஒன்பது, பத்து மணி வரை அதை எடுக்க விடமாட்டார். "ராத்திரியெல்லாம் குளிர்ல கெடந்துச்சே அப்பாயி, வெயில் பட்டா நல்லதுதானே?" என்று பேத்தி கேட்டாள். "விறைச்ச இலைக்கு வெயில் ஆகாதும்மா. இலை முழிச்சதுக்கு அப்புறமா வெயில காட்டு" என்றார்.

அந்த வாரம் எங்களுக்கு ஒளித்தொகுப்பு அலகு நடந்துகொண்டிருந்தது. ஒளிச்செறிவு கூடக் கூட ஒளித்தொகுப்பு வீதம் கூடி, பிறகு வரைபு மட்டமாகும் என்று படித்தோம். மட்டமான பிறகும் மேலதிகமாக வந்து விழும் ஒளிக்கு என்ன நடக்கிறது என்று பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை. அப்பாயி சொன்னதை வகுப்பில் கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. லயத்துப் பேச்சை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களாகவே அப்படி நினைத்துக்கொண்டோம். அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்காமல் விட்டது எங்கள் தவறு. இன்று கேட்கிறோம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் மலையில் கடும் குளிரும் கடும் ஒளியும் ஒரே காலையில் வந்து சேர்வது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மேகம் இல்லாத வானம். மேகம் இருந்தால் நிலம் இழக்கும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழந்துவிடுகிறது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிடவும் இலை குளிர்ந்துபோகும். காற்று 3, 4 பாகை செல்சியசில் இருக்கும்போதே புல்லில் உறைபனி படிவது இதனால்தான். அதே துப்புரவான வானம் விடிந்ததும் சூரிய ஒளியை ஒரு தடையும் இன்றி உள்ளே விடுகிறது. ஆகவே இலை மிகவும் குளிர்ந்திருக்கும் வேளையிலேயே ஒளி அதன்மேல் வந்து கொட்டுகிறது.

இனி இலைக்குள் போவோம். ஒளியை உறிஞ்சுவது ஒரு பௌதிக நிகழ்வு. பச்சையம் ஒளியைப் பிடிக்கும் வேகம் குளிரால் குறைவதில்லை. 5 பாகையிலும் 25 பாகையிலும் பச்சையம் ஒரேயளவு ஒளியைத்தான் உறிஞ்சும். ஆனால் அந்தச் சக்தியைக் கொண்டு காபனீரொட்சைட்டை வெல்லமாக்கும் கல்வின் வட்டம் நொதியங்களின் வேலை. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் நொதியத் தாக்கங்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது உங்களுக்குத் தெரியும். 25இலிருந்து 5 பாகைக்கு வந்தால் கால்வாசி. வரவு அப்படியே இருக்க, செலவழிக்கும் கை மட்டும் விறைத்துப்போகிறது.

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கொழுந்து லொறி லொறியாக வந்து இறங்குகிறது. உள்ளே இயந்திரங்கள் கால்வாசி வேகத்தில்தான் ஓடுகின்றன. குவிந்து கிடக்கும் கொழுந்து சும்மா கிடக்காது. தன்னாலே சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். நட்டம் கொழுந்து வந்ததால் ஏற்பட்டதும் அல்ல, இயந்திரம் மெதுவாக ஓடியதால் மட்டும் ஏற்பட்டதும் அல்ல. இரண்டும் பொருந்தாமல் போனதால் ஏற்பட்டது.

இலையில் குவிவது இலத்திரன்களும் கிளர்ந்த பச்சைய மூலக்கூறுகளும். பக்கத்திலேயே ஒட்சிசன் இருக்கிறது. வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, நீரைப் பிளந்து ஒட்சிசனை உண்டாக்குவதே அந்த இடந்தான். கிளர்ந்த பச்சையம் தன் சக்தியை ஒட்சிசனுக்குக் கொடுத்தால் ஒற்றைநிலை ஒட்சிசன் என்ற தாக்குதிறன் கூடிய வடிவம் உண்டாகும். போக்கிடமில்லாத இலத்திரன் ஒட்சிசனில் போய் ஏறிக்கொண்டால் சுப்பரொட்சைட்டு உண்டாகும். அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு. அதிலிருந்து, இரும்பு அயன்கள் அருகில் இருந்தால், ஐதரொட்சில் மூலிகம். இவை மென்சவ்வின் கொழுப்பையும் புரதங்களையும் அரித்துவிடும். இதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம். உறைபனி விழுந்த மறுநாள் இலைகள் தீயில் வாட்டியதுபோல் கருகித் தெரிவதில் இரண்டு காயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று பனிக்கட்டி கலங்களில் செய்த காயம். மற்றது காலை ஒளி செய்தது.

அப்படியானால் குளிர் மலைகளில் ஒரு செடியும் மிஞ்சக் கூடாதே? மிஞ்சுகின்றன. எப்படி என்பதில்தான் பாடம் இருக்கிறது. செடி செய்வதை ஐந்து வேலைகளாகப் பிரித்துச் சொல்கிறோம்.

முதல் வேலை, ஒளியை உள்ளே வரவிடாமல் குறைப்பது. ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனவர்களுக்கு நினைவிருக்கும், அங்குள்ள மரங்கள் பலவற்றின் துளிர்கள் பச்சையாக இல்லாமல் சிவப்பாகத் துளிர்க்கும். இயந்திரங்கள் இன்னும் பூட்டி முடியாத தொழிற்சாலை அந்த இளம் இலை. அந்தோசயனின் என்ற சிவப்பு நிறப்பொருள் அதற்கு ஒரு திரையாக நிற்கிறது. இலை முற்றியதும் திரை தேவையில்லை, பச்சையாகிவிடும். வேறு சில செடிகள் இலையைச் சாய்த்துக்கொள்ளும். கலத்துக்குள்ளே பச்சையவுருமணிகளும் கடும் ஒளியில் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்கி, ஒன்றின் நிழலில் ஒன்று நின்றுகொள்ளும்.

இரண்டாவது வேலை, வந்த சக்தியை வெப்பமாகக் கொட்டிவிடுவது. ஒளி கூடி, தைலக்கொயிட்டினுள் அமிலத்தன்மை ஏறும்போது வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறப்பொருள் சியாசாந்தினாக மாற்றப்படுகிறது. சியாசாந்தின் இருக்கும்போது கிளர்ந்த பச்சையத்தின் சக்தி தீங்கின்றி வெப்பமாக வெளியேறுகிறது. 1987இல் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டியவர் பார்பரா டெமிக் அடம்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. ஆனால் இந்த மாற்றத்தைச் செய்வதும் ஒரு நொதியந்தான், குளிரில் அதுவும் மெதுவாகும். இதற்குப் பசுமை மாறாத மரங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. பின்னாளில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் கொலராடோவில் குளிர்காலத்தில் பார்த்தார்கள். சாதாரணமாக இரவானதும் சியாசாந்தின் பழையபடி மாறிவிட வேண்டும். கடும் குளிர்காலத்தில் அந்த மரங்கள் அதை மாற்றாமல் இரவு முழுவதும் வைத்திருந்தன. விடியும்போது வெயில் திடீரென்று அடித்தாலும் கொட்டும் வாய் ஏற்கெனவே திறந்திருக்கும்.

மூன்றாவது வேலை, தேங்கிய இலத்திரன்களுக்கு மாற்று வழி விடுவது. ஒளிச்சுவாசம் வீண் செலவு என்று படித்திருப்பீர்கள். நெருக்கடியில் அந்த வீண் செலவுதான் உயிரைக் காக்கும் வடிகால். நான்காவது, உண்டாகிவிட்ட நச்சு ஒட்சிசன் வடிவங்களை அந்த இடத்திலேயே அடக்குவது. ஐந்தாவது, உடைந்ததைத் திருத்துவது.

நான்காவது வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் எங்களிடம் வருபவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருப்பது அதைப் பற்றித்தான். சுப்பரொட்சைட்டை ஐதரசன் பேரொட்சைட்டாக்கும் நொதியத்தை 1969இல் மக்கோர்ட், ஃப்ரிடோவிச் இருவரும் கண்டறிந்தார்கள். பச்சையவுருமணியில் அந்தப் பேரொட்சைட்டை நீராக்குவது விற்றமின் சி, அதாவது அஸ்கோபிக் அமிலம். அஸ்கோபிக் அமிலம் தன் இலத்திரனைக் கொடுத்ததும் வெறுமையாகிவிடும். அதை மறுபடி நிரப்பக் குளுட்டாதயோன் வேண்டும். குளுட்டாதயோனை நிரப்ப மீண்டும் ஒளித்தொகுப்பிலிருந்து வரும் இலத்திரன் வேண்டும். இந்த வட்டத்தை 1976இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து முன்மொழிந்தவர்கள் கிறிஸ்டின் ஃபொயர், பரி ஹலிவெல் இருவரும். யப்பானில் கோசி அசடா மற்றப் பக்கத்திலிருந்து இதையே ஆராய்ந்தார். அவர்கள் பெயர்களைச் சேர்த்தே இன்று இந்த வட்டத்தை அழைக்கிறார்கள். பச்சையவுருமணியில் விற்றமின் சியின் செறிவு எங்கள் குருதியில் இருப்பதைப்போல் பல நூறு மடங்கு. கறிக்குப் போடும் கீரையில் விற்றமின் சி இருப்பது எங்களுக்காக அல்ல, கீரை தன்னைக் காத்துக்கொள்வதற்காக.

இங்கே அப்பாயியின் தோட்டத்துக்குத் திரும்புகிறோம். கோவாவை மூடாமல் போஞ்சியை மட்டும் ஏன் மூடினார்? கோவாவின் மூதாதைகள் ஐரோப்பாவின் கடற்கரைகளைச் சேர்ந்தவை. குளிர் நாட்கள் தொடர்ந்தால் அவை தங்கள் நொதியங்களையே கூட்டிக்கொள்ளும், தொழிற்சாலைக்கு இன்னொரு இயந்திரம் பூட்டுவதுபோல. போஞ்சியும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்தவை. அவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இதேபோன்ற வெப்பநாட்டுச் செடியான வெள்ளரியை யப்பானிய ஆய்வாளர்கள் 1994இல் சோதித்தார்கள். 4 பாகைக் குளிரில், நடுத்தர ஒளியிலேயே, அதன் முதலாம் ஒளித்தொகுதி பழுதடைந்தது. ஐந்தாவது வேலையான திருத்தம் இங்கே முக்கியம். இரண்டாம் ஒளித்தொகுதியில் உள்ள டி-1 என்ற புரதம் நல்ல வெயில் நாளில் சாதாரணமாகவே உடைந்துகொண்டிருக்கும், செடி உடனுக்குடன் புதியதைச் செய்து பூட்டிவிடும். அது ஒரு நாளாந்தச் செலவு. குளிரில் அந்தத் திருத்த வேலையும் தாமதமாகும். முதலாம் ஒளித்தொகுதி பழுதானாலோ, வெப்பம் திரும்பிய பிறகும் மீள நாட்கள் எடுக்கும். ஒரு காலை நேரத்து வெயிலுக்குச் செடி பல நாள் வட்டி கட்டுகிறது. "இலை முழிச்சதுக்கு அப்புறமா வெயில காட்டு" என்றதற்கு இதுதான் பொருள்: நொதியங்கள் வேகம் பிடிக்கும் வரை ஒளியைத் தடுத்து வை.

வைத்தியர்களாகிய நாங்கள் இந்தப் பாடத்தைச் செடியிடமிருந்து கற்கவில்லை. குழந்தைகளின் கண்களிலிருந்து கற்றோம். 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒட்சிசனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். நல்லது என்று நம்பித்தான் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையை இழந்தார்கள். அதிக ஒட்சிசன் காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்பேணிலிருந்து எழுதியவர் கேட் கம்பெல் என்ற குழந்தை நல வைத்தியர். 1953-54இல் அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் குருதிக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. ஒட்சியேற்றத்தைத் தாங்கும் நொதியங்களும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் முதிர்கின்றன. தாங்கும் வலு வருமுன் வரவைக் கூட்டிவிட்டோம். பிறகு பயந்து ஒட்சிசனை மிகவும் குறைத்தபோது இறப்புகள் கூடின. இன்று குழந்தையின் காலில் ஒரு சிறு கருவியைக் கட்டி, குருதியின் ஒட்சிசன் நிரம்பலை 90க்கும் 95க்கும் இடையில் வைத்திருக்கப் பாடுபடுகிறோம். அந்தப் பிரிவில் இரவு வேலை செய்த எவருக்கும் தெரியும், அந்தக் குமிழைக் கொஞ்சம் கூட்டுவதும் கொஞ்சம் குறைப்பதுமாகத்தான் விடியும். மூடாக்கை எப்போது எடுப்பது என்ற அதே கேள்விதான் அங்கும்.

இரண்டாவது பாடம் குளிசைகளைப் பற்றியது. "டொக்டர், உடம்புல உள்ள நச்செல்லாம் போக அன்ரிஒக்சிடன்ட் குளிசை ஒண்ணு எழுதித் தாங்க" என்று கேட்காத நாள் இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கை அதற்கே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்சியேற்றம் தீங்கு, ஆகவே அதன் எதிரியை அள்ளி விழுங்கினால் நன்மை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வைத்திய உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றாக்கரோட்டின் குளிசை எடுத்தவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் இதுபோன்ற இன்னோர் ஆய்வை 1996இல் இடையிலேயே நிறுத்தினார்கள், அங்கும் கூடுதலாகவே வந்தது.

இலையைப் பார்த்தால் இது ஏன் வியப்பில்லை என்று விளங்கும். இலையில் கரோட்டின் பச்சையத்தின் பக்கத்திலேயே, அதே புரதத்தில், பூட்டிய இடத்தில் இருக்கிறது. தனியாகவும் இல்லை. அதன் பக்கத்தில் விற்றமின் ஈ, அப்பால் விற்றமின் சி, அதன் பின்னால் குளுட்டாதயோன், அதை நிரப்ப நொதியம் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியை மட்டும் பிடுங்கிப் புகை நிறைந்த சுவாசப்பையில் கொட்டுவது காவல் ஆகாது.

இன்னுமொன்று. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையில் உயரத்தில் வளரும் இரண்டு செடிகளை ஜேர்மனிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சொல்டனெல்லா அல்பினா என்ற செடியின் இலையில் விற்றமின் சியும் குளுட்டாதயோனும் நிறைந்திருந்தன. 4,000 மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய ரனன்குலஸ் கிளேசியாலிஸ் என்ற செடியில் அவை குறைவு. அது ஒளிச்சுவாசத்தாலும், இலத்திரன்களை வடித்துவிடும் ஒரு விசேட நொதியத்தாலும் தப்பிப் பிழைக்கிறது. கூடுதலான உயரத்துக்குப் போன செடியிடந்தான் குறைவான கையிருப்பு. நச்சை உண்டாக்கிவிட்டு அடக்குவதைவிட, உண்டாகாமல் பார்ப்பது மலிவு. ஆகவே குளிசை கேட்டு வருபவர்களிடம் நாங்கள் சொல்வது: சிகரெட்டை விடுங்கள், சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வையுங்கள், வயலில் வேலை செய்யும்போது நச்சு மருந்தடிப்பதானால் முகத்தை மூடுங்கள், கீரையையும் பழத்தையும் தட்டில் வையுங்கள். மூடாக்கு முதலில், மருந்து பிறகு.

காவலுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வெயில் மறைந்து நிழல் வந்த பிறகும் இலை சில நிமிடங்கள் சக்தியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. காவல் உடனே தளர்வதில்லை. அதை விரைவில் தளர்த்தும்படி புகையிலைச் செடியில் மரபணுக்களை மாற்றியபோது செடியின் திணிவு ஏறக்குறைய 15 வீதம் கூடியதாக 2016இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. இதை வாசித்தபோது நாங்கள் எங்கள் அம்மாமாரை நினைத்தோம். 1977, 1981, 1983 என்று மலையகத்தில் வீடுகள் எரிந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் அவர்கள். எங்களை வெளியூருக்குப் படிக்க அனுப்புவதா என்று பல இரவுகள் பேசினார்கள். பதினொரு பேரில் மூன்று பேரை அனுப்பவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்தப் பயந்தான் எங்களை உயிரோடு வளர்த்தது. ஆனால் அன்று அனுப்பப்படாத மூவரும் இந்தப் பந்தியைக் கட்டாயம் பேசச் சொன்னார்கள். இங்கே இருக்கும் பெற்றோருக்காக அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறோம்: மூடுவதைப்போல், வேளை வந்ததும் எடுப்பதும் வளர்ப்புத்தான்.

மாணவிகளே, கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. அப்பாயி இன்று இல்லை. அவர் செய்த ஒரு செயலில் இரண்டு காவல்கள் இருந்தன. இரவில் மூடாக்கு வெப்பத்தை வெளியே போகவிடாமல் வைத்தது. காலையில் ஒளியைத் தடுத்தது. எங்கள் மண்ணில், எங்கள் போஞ்சிக்கு, இரண்டில் எது எவ்வளவு உதவியது? இதைப் பாடசாலைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். மூன்று பாத்திகளில் ஒரே நாளில் போஞ்சி நடுங்கள். முதல் பாத்தியை மூடவே வேண்டாம். இரண்டாவதை இரவில் மூடி, விடியுமுன் எடுத்துவிடுங்கள். மூன்றாவதை இரவில் மூடிக் காலை பத்து மணிக்கு எடுங்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் இரவுக் காவலைக் காட்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் காலைக் காவலைக் காட்டும். பனி விழுந்த ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் கருகிய இலைகளை எண்ணி எழுதுங்கள். ஒரு பருவம் போதாது, அடுத்த வகுப்புக்குக் குறிப்பேட்டைக் கையளியுங்கள்.

இதற்காக எங்கள் வகுப்பின் சார்பில் இரண்டு உயர்வு இழிவு வெப்பமானிகளை இன்று ஆய்வுகூடத்திடம் ஒப்படைக்கிறோம். ஒன்றை ஆளுயரத்தில் தொங்கவிடுங்கள், மற்றதைப் புல்லின் மேல் வையுங்கள். துப்புரவான வானமுள்ள ஓர் இரவுக்குப் பிறகு இரண்டையும் வாசித்தால் நாங்கள் சொன்னதில் பாதி விளங்கிவிடும்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், கருதுகோள் என்று எழுதும் இடத்தில், "விறைச்ச இலைக்கு வெயில் ஆகாது" என்று எழுதுங்கள். யார் சொன்னது என்று ஆசிரியை கேட்டால், தோட்டத்து அப்பாயி ஒருவர் சொன்னது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது வேறு ஏதும் இருந்தால் அதையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். சரியா பிழையா என்பதை அளந்து பார்ப்போம்.